பஞ்சாயத்தில் "பண்டு இல்லை" என்றால் என்ன அர்த்தம்? எல்லைக்கு இரு பக்கமும் கணக்கைப் படிக்கும் வழி

கேட்டது இதுதான்: வீடு பாலக்காட்டு மாவட்டம் சித்தூர் தாலுக்காவில், கொழிஞ்சாம்பாறையை ஒட்டி. தங்கையைக் கட்டிக் கொடுத்தது கோபாலபுரம் தாண்டி, பொள்ளாச்சிப் பக்கம். இங்கே ரோடு கேட்டால் "பண்டு இல்லை", அங்கே தெருவிளக்கு கேட்டாலும் "நிதி இல்லை". நிஜமாகவே இல்லையா? எந்தப் பக்கம் நிலைமை மோசம்? தம்பி சின்னக் கான்ட்ராக்டர், பஞ்சாயத்து வேலை எடுக்கலாமா?

"பண்டு இல்லை" என்ற பேச்சுக்குள் நாலு வேறு நிலைமைகள் இருக்கின்றன. பணத்தை ஒதுக்கவே இல்லை என்பது ஒன்று. ஒதுக்கினார்கள், வந்து சேரவில்லை என்பது இரண்டாவது. வந்தது, ஆனால் வேறு வேலைக்கென்று கட்டிவைத்த பணம், அதைத் தொட முடியாது என்பது மூன்றாவது. வேலை முடிந்து பில்லும் போய்விட்டது, டிரஷரியில், அதாவது அரசுக் கருவூலத்தில், நிற்கிறது என்பது நாலாவது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காகிதத்தில் தெரியும். நாலையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் கிராம சபையில் கேள்வி கேட்பவர் தோற்றுப் போகிறார்; செக்ரட்டரி ஒன்றுக்குப் பதில் சொல்லிவிட்டு மற்ற மூன்றையும் தாண்டிப் போய்விடுவார்.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேரளப் பக்கம் ஒதுக்கீடு பெரிது, அது காசாகிற நாள்தான் நிச்சயமில்லை. தமிழ்நாட்டுப் பக்கம் ஊராட்சிக்கு வருவது சிறிது, ஆனால் ஓரளவு சீராக வரும். அதைத் தன் இஷ்டத்துக்குச் செலவு செய்கிற இடம்தான் குறுகல். அதனால் இங்கே முக்கியமாகப் பார்க்க வேண்டியது இரண்டாவதும் நாலாவதும், அங்கே முதலாவதும் மூன்றாவதும்.

ஒப்பிடுவதற்கு முன் ஒரு எச்சரிக்கை

கேரளத்தில் கிராம பஞ்சாயத்துகள் மொத்தமே 941. தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகள் என்பதுதான் நெடுநாள் கணக்கு. அதாவது இங்கே ஒரு பஞ்சாயத்தில் 25 ஆயிரம், 30 ஆயிரம் பேர் இருப்பது சாதாரணம். அங்கே சராசரி ஊராட்சியில் 3 ஆயிரம் பேர் இருந்தாலே அதிகம். போதாக்குறைக்கு ஆரம்ப சுகாதார நிலையம், எல்.பி. என்கிற தொடக்கப் பள்ளிக்கூடம், கிருஷி பவன் என்கிற வேளாண் அலுவலகம், மாட்டாஸ்பத்திரி எல்லாம் கேரளத்தில் பஞ்சாயத்தின் பொறுப்பில் வந்துவிட்டன. தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளிக் கட்டடம் ஒன்றியத்தைச் சேர்ந்தது, சுகாதார நிலையம் மாநில அரசைச் சேர்ந்தது. "எங்கள் பஞ்சாயத்துக்குப் பல கோடி, தங்கை ஊருக்குச் சில லட்சம்தான்" என்று சொல்வதில் அர்த்தமில்லை. ஒப்பிடத்தான் வேண்டுமென்றால் இங்குள்ள பஞ்சாயத்தை அங்குள்ள ஊராட்சி ஒன்றியத்தோடு வைத்து, தலைக்கு எவ்வளவு என்று பாருங்கள்.

கேரளப் பக்கம்

முதல் காகிதம், மாநில பட்ஜெட்டோடு வரும் அப்பென்டிக்ஸ் நாலு. 941 பஞ்சாயத்துக்கும் தனித்தனி வரி போட்டு, இந்த வருஷம் இவ்வளவு என்று அச்சிட்டிருப்பார்கள். நிதித் துறையின் இணையதளத்திலேயே கிடைக்கும். இதில் மூன்று ஓடைகள் இருக்கும். வளர்ச்சிக்கானது டெவலப்மென்ட் பண்டு; இதைத்தான் பஞ்சாயத்தில் பத்ததிப் பணம் என்பார்கள், பொது, பட்டியல் சாதி, பழங்குடி என்று மூன்றாகப் பிரிந்திருக்கும். அடுத்தது மெயின்டனன்ஸ் பண்டு, ரோட்டுக்குத் தனி, மற்றதற்குத் தனி. மூன்றாவது ஜெனரல் பர்பஸ் பண்டு, ஆபீஸ் நடப்பதற்கு. இதுபோக பஞ்சாயத்தே வசூலிப்பது தனது பண்டு. 1996இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்டத் தொகையில் 35 முதல் 40 சதவீதம் உள்ளாட்சிக்கு என்றார்கள். இப்போது அது நாலில் ஒரு பங்குக்குச் சற்று மேலே நிற்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் பலருக்கும் தப்பிவிடும். மத்திய நிதிக் குழு (மத்திய வரியில் யாருக்கு எவ்வளவு என்று பரிந்துரைக்கும் குழு) மானியம் தனியாக வந்து சேர்வதல்ல; அப்பென்டிக்ஸ் நாலில் வளர்ச்சிப் பணத்துக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. எனவே அந்த எண்ணிலிருந்து நிதிக் குழு மானியத்தைக் கழித்தால்தான் மாநிலம் தன் கையிலிருந்து தருவது எவ்வளவு என்று தெரியும். இரண்டையும் தனித்தனியாக எண்ணிக் கூட்டிச் சொல்கிறவர்கள் ஒரே பணத்தை இரண்டு தடவை எண்ணுகிறார்கள்.

ஒதுக்கியது தெரிந்துவிட்டது. வந்தது எவ்வளவு? வளர்ச்சிப் பணம் வருஷத்துக்கு மூன்று தவணை. ஜெனரல் பர்பஸ் மாதாமாதம். முதல் தவணை ஒழுங்காக வந்துவிடும்; தொல்லையெல்லாம் மூன்றாவதில். அது தாமதமானால் பில்லெல்லாம் மார்ச்சில் குவியும். மார்ச் 31க்குள் காசாகாத பில் அடுத்த வருஷத்துக்கு ஸ்பில் ஓவராகப் போகும். அப்போது அதற்கெனத் தனிப் பணம் வந்தால் சரி. வராவிட்டால் புது வருஷத்து ஒதுக்கீட்டைக் கடித்துத் தின்னும். ஏப்ரலில் புதிய பத்ததி என்று கைதட்டி நிறைவேற்றிய பட்டியலில் கால்வாசி, போன வருஷத்துக் கடன் அடைப்பதாக இருக்கலாம். எனவே சபையில் கேட்க வேண்டிய முதல் கேள்வி "இந்த வருஷம் எவ்வளவு ஒதுக்கீடு" என்பதல்ல, "அதில் ஸ்பில் ஓவருக்கு எவ்வளவு போகிறது" என்பதுதான்.

அடுத்தது டிரஷரிக் கட்டுப்பாடு. மாநிலத்தின் கையில் காசு குறைந்தால் குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பில் எதுவும் நிதித் துறையின் அனுமதி இல்லாமல் பாஸாகாது. அந்த வரம்பு 25 லட்சமாக இருந்ததும் உண்டு, 10 லட்சம், 5 லட்சம் என்று இறங்கியதும் உண்டு. வரம்புக்கு மேலே உள்ளவை க்யூவில் போய் நிற்கும். பஞ்சாயத்துப் பதிவேட்டில் செலவு முடிந்த மாதிரி தெரியும். கான்ட்ராக்டர் கையில் பைசா இருக்காது.

இது ஏன் ஜனவரி முதல் மார்ச் வரை மோசமாகிறது என்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மாநிலம் எவ்வளவு கடன் வாங்கலாம் என்ற அனுமதியை மத்திய அரசு ஏப்ரல் முதல் டிசம்பர் வரை ஒரு பங்காகவும் கடைசி மூன்று மாதத்துக்கு இன்னொரு பங்காகவும் தருகிறது. முன்பங்கை ஓணத்துக்கும் கிறிஸ்துமஸுக்கும் பென்ஷன், போனஸ் என்று செலவழித்துவிட்டு நிற்கும் நேரத்தில்தான் பஞ்சாயத்து பில்கள் மொத்தமாக வந்து விழுகின்றன. 2023 டிசம்பரில் கேரளம் இந்தக் கடன் வரம்பை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனதும், 2024 மார்ச்சில் 13,608 கோடி ரூபாய்க்கு மத்திய அரசு சம்மதித்ததும், ஏப்ரல் 1ஆம் தேதி வழக்கு ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வுக்குப் போனதும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தச் சண்டையின் அடிவால்தான் உங்கள் தெரு ரோட்டு பில்.

வீடில்லாதவர்களுக்கான கேரள அரசின் லைஃப் மிஷன் வீடுகளையும் மறக்காதீர்கள். ஒரு வீட்டுக்கு 4 லட்சம். அதற்காக மத்திய அரசின் வீட்டுக் கடன் நிறுவனமான ஹட்கோவிடமிருந்து வாங்கிய கடனின் அசல் பஞ்சாயத்தின் பத்ததிப் பணத்திலிருந்தே பிடிக்கப்படும். வீடு நிறையக் கட்டிக்கொடுத்த பஞ்சாயத்தில் ரோட்டுக்குக் காசு குறைவாக இருப்பதை ஊழல் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். பிடித்தம் எவ்வளவு என்று கேளுங்கள்.

காகிதங்கள் மலையாளத்தில்தான் இருக்கும். ஆனால் 1969ஆம் ஆண்டு கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி தமிழ்ச் சிறுபான்மையினர் வாழும் பகுதிகளில் அரசு அலுவலகத்துக்குத் தமிழில் எழுதலாம், பதிலும் தமிழில் கேட்கலாம். சித்தூர் தாலுக்கா மாதிரி இடங்களில் இதைத் தயங்காமல் பயன்படுத்துங்கள்.

பொள்ளாச்சிப் பக்கம்

தமிழ்நாட்டில் உள்ளாட்சிக்கு முக்கியமான ஊற்று மாநில நிதிக் குழு மானியம். மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 10 சதவீதம் என்பது அடிப்படைக் கணக்கு. 2025-26 பட்ஜெட்டில் சொந்த வரி வருவாய் 2,20,895 கோடி என்று மதிப்பிட்டார்கள்; அதில் பத்தில் ஒன்று என்றால் 22 ஆயிரம் கோடி வாக்கில். இதை ஊரகம், நகரம் என்று பிரித்து, ஊரகப் பங்கை மறுபடி ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்று பிரிக்கிறார்கள். போகிற வழியில் பொதுத் தொகுப்புக்கென்று ஒரு பிடித்தமும் உண்டு. ஆகையால் 10 சதவீதம் என்பதை ஊராட்சியின் வங்கிக் கணக்கு வரைக்கும் இழுத்துப் பார்த்து ஏமாற வேண்டாம்.

கேரளத்து வளர்ச்சிப் பணம் மாநிலத் திட்டத் தொகையோடு கட்டப்பட்டது. திட்டத்தைச் சுருக்கினால் பஞ்சாயத்தும் சுருங்கும். தமிழ்நாட்டுப் பங்கு வரியோடு கட்டப்பட்டது. வரி வந்தால் பங்கு வரும். சீராக வருகிறது என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்.

ஊராட்சியின் பணம் தனித்தனிக் கணக்குகளில் இருக்கும். கணக்கு எண் 1 பொது நிதி: வீட்டு வரி, தொழில் வரி, உரிமக் கட்டணம், நிதிக் குழு மானியத்தின் பகுதி. கணக்கு எண் 2 மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியத்துக்கும் கட்டுவதற்கு. திட்டப் பணம் வேறு கணக்கில். இரண்டாவது கணக்கில் இருப்பதை எடுத்து விளக்கு வாங்க முடியாது. தெருவிளக்கு பல்பு மாற்றுவது ஒன்றாம் எண் கணக்கில் என்ன மிஞ்சுகிறது என்பதைப் பொறுத்தது. தூய்மைப் பணியாளர் சம்பளம், மோட்டார் ரிப்பேர், பிளீச்சிங் பவுடர் எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும். கிணறு ஆழமாகி மோட்டாரின் குதிரைத்திறன் கூடக் கூட மின் கட்டணம் ஏறும். ஆனைமலை, பொள்ளாச்சி வட்டாரத்தில் சின்ன ஊராட்சியைத் தின்பது பெரும்பாலும் குடிநீர்தான்.

மின் கட்டணத்தை நிலுவையில் விடுவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஆந்திரப் பக்கத்தைப் பாருங்கள். அங்கே பஞ்சாயத்துகளுக்கு வந்த மத்திய நிதிக் குழுப் பணத்தையே பழைய மின் பாக்கிக்கு மாநிலம் ஈடுகட்டிக்கொண்டது. சர்பஞ்சுகள், அதாவது பஞ்சாயத்துத் தலைவர்கள், தெருவில் இறங்கிப் போராடினார்கள். குப்பம், நகரி பக்கத்துத் தமிழர்களுக்கு இது தெரிந்த கதை.

தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கல் தேர்தல். 2019 டிசம்பரில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்த மாவட்டங்களில், கோவையும் சேர்த்து, பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். 2026 மார்ச் வரைக்குமான 15ஆவது நிதிக் குழு மானியத்துக்கு முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்பு இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. 2016 முதல் 2019 வரை தேர்தல் நடக்காமல் கிடந்தபோதும் மத்திய மானியம் நின்றது. தங்கை ஊரில் "நிதி இல்லை" என்கிறவரிடம் "மத்திய மானியம் எந்த மாதம் வரைக்கும் வந்திருக்கிறது" என்று கேட்கச் சொல்லுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

வங்கியில் இருக்கிறதே, ஏன் செலவு செய்யவில்லை?

இரு பக்கமும் எழும் சண்டை இது. யாராவது பஞ்சாயத்துக் கணக்குகளை மத்திய அரசு வெளியிடும் ஈ-கிராம் ஸ்வராஜ் இணையதளத்தில் பார்த்துவிட்டு "40 லட்சம் சும்மா கிடக்கிறது" என்று வாட்ஸ்அப்பில் போடுவார். 2026 மார்ச் வரைக்குமான 15ஆவது நிதிக் குழு ஊரக மானியத்தில் 60 சதவீதம் கட்டுண்ட பணம், அதாவது இன்ன வேலைக்குத்தான் என்று கட்டிவைத்தது: பாதி குடிநீருக்கு, பாதி துப்புரவுக்கு. மீதி 40 சதவீதம் கட்டில்லாதது. அதிலும் சம்பளம், அலுவலகச் செலவு கூடாது. அந்த 40 லட்சம் முழுவதும் கட்டுண்ட பங்காக இருந்தால் ஒரு டியூப்லைட் கூட வாங்க முடியாது. ஆகவே வங்கி இருப்பைத் தனியாகப் பார்ப்பதில் பயனில்லை. அதில் கட்டில்லாதது எவ்வளவு, ஏற்கெனவே வேலை உத்தரவு கொடுத்தது எவ்வளவு, டெபாசிட்டாக வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டியது எவ்வளவு என்று கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் மிஞ்சுவதுதான் அந்தப் பஞ்சாயத்தின் உண்மையான கைக்காசு. பல இடங்களில் அது வெட்கப்படும் அளவுக்குச் சின்னதாக இருக்கும்.

கட்டுண்ட பணம் செலவாகாமல் கிடப்பதும் ஆரோக்கியமல்ல. அது பெரும்பாலும் எஸ்டிமேட் போட இன்ஜினியர் இல்லை, நிலம் கிடைக்கவில்லை, போன வருஷத்துக் கணக்கை ஏற்றவில்லை என்பதன் அடையாளம். கணக்கு ஏற்றாவிட்டால் அடுத்த தவணையே வராது.

சொந்த வருமானம்: இங்கேதான் நிஜமான நாடி

மானியம் வருவதும் வராததும் பஞ்சாயத்தின் கையில் இல்லை. வீட்டு வரி கையில் இருக்கிறது. ஒரு பஞ்சாயத்து நன்றாக நடக்கிறதா என்று ஒரே ஒரு காகிதத்தில் பார்க்க வேண்டுமென்றால் நான் கேட்பது கேட்பு-வசூல்-நிலுவைப் பதிவேடு. கேரளத்தில் டிமாண்ட், கலெக்‌ஷன், பேலன்ஸ் என்பார்கள்.

இதில் ஏமாற்றுவது சுலபம். உதாரணத்துக்கு ஒரு கணக்கு. பழைய நிலுவை 30 லட்சம், இந்த வருஷக் கேட்பு 60 லட்சம், வசூல் 54 லட்சம். "90 சதவீதம் வசூல்" என்று போர்டு வைப்பார்கள், 60க்கு 54 என்று. உள்ளே பார்த்தால் அந்த 54இல் 9 லட்சம் பழைய பாக்கி. இந்த வருஷத்தது 45தான். அதாவது நடப்பு வசூல் 75 சதவீதம். வருஷ முடிவில் நிலுவை 30இலிருந்து 36 லட்சமாகக் கூடியிருக்கிறது. 90 சதவீதம் வசூலித்த பஞ்சாயத்துக்குப் பாக்கி எப்படிக் கூடியது என்று கேளுங்கள், சபை அமைதியாகிவிடும். நடப்பு, நிலுவை இரண்டையும் பிரித்துக் காட்டாத எந்த வசூல் சதவீதத்தையும் நம்ப வேண்டாம்.

வசூலானது எல்லாம் பஞ்சாயத்துடையதும் அல்ல. நூலக வரி அதோடு சேர்ந்து வருகிறது: தமிழ்நாட்டில் வீட்டு வரி ரூபாய்க்கு 10 பைசா, கேரளத்தில் கட்டட வரியில் 5 சதவீதம். அது நூலகத்துக்குப் போக வேண்டியது. தொழில் வரிக்கும் மேல் வரம்பு உண்டு. அரசியல் சாசனப்படி ஆளுக்கு வருஷம் 2,500 ரூபாய்க்கு மேல் போட முடியாது. கேரளத்தில் 2023 முதல் கட்டட வரி வருஷந்தோறும் 5 சதவீதம் ஏறுகிறது. வரி ஏறியும் வசூல் ஏறவில்லை என்றால் ஆட்கள் கட்டவில்லை, அல்லது புதுக் கட்டடங்கள் பதிவேட்டில் ஏறவில்லை. இரண்டாவதுதான் எல்லையோரத்தில் அதிகம். கோழிப் பண்ணை, குடோன், செங்கல் சூளை எல்லாம் எழும்பியிருக்கும், பதிவேட்டில் வெறும் ஷெட்டாக இருக்கும்.

ஒரே ஆலையை நம்பியிருக்கும் பஞ்சாயத்துக்கு வேறு விதமான ஆபத்து. பெருமாட்டிப் பஞ்சாயத்தில் பிளாச்சிமடை கோலா ஆலை 2000இல் தொடங்கியது. 2003இல் பஞ்சாயத்து லைசென்ஸைப் புதுப்பிக்க மறுத்தது. 2004இல் ஆலை நின்றது. தண்ணீருக்காக வருமானத்தை விட்டுக்கொடுத்த முடிவு அது. அப்படி முடிவெடுக்கிற துணிச்சல் எல்லாருக்கும் வராது. ஒரே கட்டணதாரர் பெரும் பங்கு தருகிற இடத்தில் அவர் கோர்ட்டுக்குப் போனாலே பஞ்சாயத்தின் பட்ஜெட் ஆடிவிடும்.

பட்ஜெட் புத்தகத்தை எப்படிப் படிப்பது? எல்லாரும் கடைசி நெடுவரிசையை, அதாவது வரும் வருஷ மதிப்பீட்டைப் படிக்கிறார்கள். நீங்கள் முதல் நெடுவரிசையிலிருந்து, முடிந்துபோன வருஷத்தின் அசல் எண்ணிலிருந்து தொடங்குங்கள். தனது பண்டு மதிப்பீடு 1 கோடி 20 லட்சம், அசல் 70 லட்சம், அடுத்த வருஷ மதிப்பீடு மறுபடி 1 கோடி 30 லட்சம் என்றிருந்தால், உள்ளாட்சி பட்ஜெட்டில் துண்டு விழக் கூடாது என்பதற்காக வரவை ஊதிக் காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். மூன்று வருஷம் தொடர்ந்து அசல் வரவு மதிப்பீட்டில் முக்கால்வாசியைத் தொடவில்லை என்றால், அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கும் புதிய வேலைகளை ஆசைப் பட்டியலாக வைத்துக்கொள்ளலாம்.

மாநிலம்: கடன் எவ்வளவு என்பது தவறான கேள்வி

2026 மார்ச் முடிவில் தமிழ்நாட்டுக் கடன் 9,29,959 கோடி என்று 2025-26 பட்ஜெட் சொன்னது. எண்ணைப் பார்த்தால் தலை சுற்றும். மாநில உற்பத்தியில் அது 26 சதவீதத்துச் சொச்சம். கேரளத்தின் கடன் தொகை அதைவிடச் சிறிது. உற்பத்தியோடு வைத்துப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி வருகிறது. அதைவிட முக்கியம், வாங்குகிற கடன் எங்கே போகிறது என்பது.

இதற்குச் சுலபமான கணக்கு, வருவாய்ப் பற்றாக்குறையை (அன்றாடச் செலவுக்கு வருவாய் போதாமல் விழும் துண்டு) நிதிப் பற்றாக்குறையால் (மொத்தத்தில் கடன் வாங்கி நிரப்ப வேண்டிய துண்டு) வகுப்பது. 2025-26 பட்ஜெட்டில் கேரளம்: வருவாய்ப் பற்றாக்குறை 27,125 கோடி, நிதிப் பற்றாக்குறை 45,039 கோடி. தமிழ்நாடு: 41,635 கோடி, 1,06,963 கோடி. வகுத்தால் கேரளத்தில் கடனாக வாங்கும் ஒவ்வொரு ரூபாயிலும் 60 பைசா சம்பளம், பென்ஷன், வட்டி போன்ற அன்றாடச் செலவுக்கு. தமிழ்நாட்டில் 39 பைசா. மீதிதான் பாலம், ரோடு, கட்டடம். தமிழ்நாடும் நிம்மதியாக இல்லை. வருவாயில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் வட்டிக்கே போகிறது. மின் வாரியத்தின் இழப்பும் மாநிலத்தின் தலையில்தான்.

கேரளத்துக்கு நெருக்கடி திடீரென்று வந்ததற்கு ஒரு எண்ணே போதும். 15ஆவது நிதிக் குழு தந்த வருவாய்ப் பற்றாக்குறை மானியம் 2021-22இல் 19,891 கோடி, அடுத்த வருஷம் 13,174 கோடி, அதற்கடுத்து 4,749 கோடி, பிறகு பூஜ்யம். ஜி.எஸ்.டி. இழப்பீடும் 2022 ஜூனோடு முடிந்தது. வரிப் பகிர்வில் கேரளத்தின் பங்கு 14ஆவது குழுவில் 2.5 சதவீதமாக இருந்தது, 15ஆவதில் 1.925 ஆனது. இதெல்லாம் உண்மைதான். வளைகுடாப் பணத்தில் செழித்த மாநிலம் பல ஆண்டுகள் தன் வரியைச் சரியாக வசூலிக்கவில்லை என்பதும் உண்மைதான். ஒன்றை மட்டும் சொல்கிறவர் கட்சிக்காரர்.

எல்லையில் இருப்பவர்களுக்கு வருமானம் ஒழுகுவது கண்ணெதிரே தெரியும். 2023 ஏப்ரல் முதல் கேரளம் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் போட்டது. தமிழ்நாடு 2021 ஆகஸ்டிலேயே பெட்ரோலில் 3 ரூபாய் குறைத்திருந்தது. கொழிஞ்சாம்பாறை வண்டி கோபாலபுரம் தாண்டி டேங்கை நிரப்பிக்கொண்டு திரும்பினால் அந்த 2 ரூபாய் மட்டுமா போகிறது? மொத்த விற்பனை வரியும் அந்தப் பக்கம் போகிறது. எதிர்த் திசையில் லாட்டரி: 2003இல் தமிழ்நாடு தடை செய்ததால் அங்கிருந்து ஆட்கள் இங்கே வந்து வாங்குகிறார்கள். லாட்டரி வரவு ஆண்டுக்கு 10 ஆயிரம் கோடிக்கு மேல் என்று பட்ஜெட்டில் பார்த்து மயங்க வேண்டாம். பரிசும் கமிஷனும் போக மிஞ்சுவது அதில் சிறு பங்குதான்.

இரு மாநிலத்துக்கும் பொதுவான ஒரு ஓட்டை உண்டு. மாநிலக் கணக்கு ரொக்க முறையில் எழுதப்படுகிறது. காசு கொடுத்தால்தான் செலவு. கொடுக்காமல் வைத்திருக்கும் கான்ட்ராக்டர் பில், அகவிலைப்படிப் பாக்கி எதுவும் பற்றாக்குறையில் தெரியாது. பாக்கியைத் தள்ளிப்போட்டே பற்றாக்குறையைக் குறைத்துக் காட்டலாம். ஆகவே பட்ஜெட் உரையை விட, சி.ஏ.ஜி. என்கிற தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் இணையதளத்தில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் மாதாமாதம் வரும் முக்கியக் குறியீடுகளைப் பாருங்கள். டிசம்பர் மாதத்து எண்ணில் மூலதனச் செலவு வருஷ மதிப்பீட்டில் பாதியைக்கூடத் தொடவில்லை என்றால், மார்ச்சில் க்யூ நீளும் என்று இப்போதே எழுதி வைத்துக்கொள்ளலாம்.

தம்பி வேலை எடுக்கலாமா?

எந்தத் தலைப்பில் வரும் வேலை என்பதைப் பொறுத்தது. டெண்டர் நோட்டீஸில் நிதி ஆதாரம் போட்டிருக்கும். போடாவிட்டால் எழுதிக் கேட்கட்டும். மத்திய நிதிக் குழு மானியத்து வேலை என்றால் பணம் ஆன்லைனில் நேராகக் கான்ட்ராக்டரின் வங்கிக் கணக்குக்கு வரும், மாநில டிரஷரி க்யூவில் சிக்குவது குறைவு. மானியத் தவணை வந்துவிட்டதா என்று மட்டும் ஈ-கிராம் ஸ்வராஜில் பார்த்துவிட்டு இறங்கலாம். மெயின்டனன்ஸ் பண்டு, பத்ததி ரோடு என்றால் வேலையை டிசம்பருக்குள் முடித்து அளவெடுத்துப் பில்லைப் போட்டுவிட வேண்டும். பிப்ரவரியில் தொடங்கும் ரோட்டு வேலைக்குக் காசு ஓணத்துக்கு வந்தாலும் வரலாம் என்று வைத்து, அதுவரை தார், ஜல்லிக் கடைக்கு வட்டி கட்ட முடியுமா என்று கணக்குப் போட்டு ரேட் போட வேண்டும். தனது பண்டு வேலை என்றால் மேலே சொன்ன கேட்பு-வசூல்-நிலுவையைப் பார்க்காமல் தொடவே வேண்டாம்.

பில் தொகை டிரஷரி வரம்புக்குக் கீழே இருக்கிறதா என்று பார்ப்பது அவசியம். வரம்பு 10 லட்சமாக இருக்கும்போது 12 லட்சம் பில்லை ஒரே தடவையாகப் போடுவதைவிட, ஒப்பந்தம் அனுமதித்தால், வேலையின் கட்டத்துக்கேற்பப் பார்ட் பில் போடுவது நல்லது. ஒரே அளவைப் பொய்யாகத் துண்டு போடுவது வேறு விஷயம். அது ஆடிட்டில் மாட்டும், தொகையைத் திருப்பிக் கட்டச் சொல்வார்கள். நிற்கும் பில்லை வங்கியில் காட்டி முன்பணம் வாங்கும் ஏற்பாடும் கேரளத்தில் உண்டு. அதற்கான வட்டி யார் தலையில் எவ்வளவு என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளட்டும்.

அந்தப் பஞ்சாயத்து பில் கொடுக்கும் லட்சணத்தை அறிய 10 ரூபாய்ச் செலவில் தகவல் உரிமை மனு ஒன்று போடுங்கள். கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும்: கடந்த இரண்டு நிதி ஆண்டுகளில் ஒவ்வொரு மராமத்து வேலைக்கும் அளவுப் புத்தகத்தில் பதிந்த தேதி, பில் டிரஷரிக்கு அனுப்பிய தேதி, பணம் வரவான தேதி, நிதித் தலைப்பு. 30 நாளில் பதில் வர வேண்டும். முதல் இரண்டு தேதிக்கும் நடுவில் இடைவெளி நீண்டிருந்தால் கோளாறு பஞ்சாயத்து ஆபீஸிலும் இன்ஜினியரிடமும். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நீண்டிருந்தால் கோளாறு திருவனந்தபுரத்தில். அதற்கு மெம்பரிடம் சண்டை போட்டுப் பிரயோஜனமில்லை.

சபை நாட்களையும் குறித்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கேரளத்தில் வார்டு வாரியாக, மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட்ட வேண்டும். ஸ்பில் ஓவர் கேள்விக்கு ஏப்ரல், மே கூட்டம் சரியான நேரம். அதற்கு முன்னால் கேட்டால் "கணக்கு இன்னும் முடியவில்லை" என்பார்கள், அந்தப் பதில் பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும்.